பொன்னாடை யாருக்கு?

(மதுரையில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர் மேடைகளில் பொன்னாடை ஒரே திசையில்தான் போகும். கீழே இருப்பவர் ஏறி வந்து மேலே இருப்பவருக்குப் போர்த்துவார். மேலே இருப்பவர் நன்றி சொல்ல நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம். அதற்குள் பாதிக் கூட்டம் பந்திக்குப் போயிருக்கும். மைக் செட் போட்டவர் பெயரை வாசிக்கும்போது அவரே வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார்.

பட்டறையோ கடையோ நடத்துகிறவர்கள் நீங்கள். உங்களிடம் நாலு பேர் வேலை பார்த்தாலும் நீங்கள் தலைவர்தான். "எல்லாரும் நல்லா வேலை பார்த்தீங்க, நன்றி" என்று மொத்தமாகச் சொன்னால் அது யாருக்கும் போய்ச் சேராது. ஒவ்வொருவரிடமும் அவர் செய்தது இன்னது என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அதைப் பார்த்திருக்க வேண்டும். சிக்கலே அங்கேதான்.

நம் அண்ணாநகரில் இருக்கிற அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் கண்புரை ஆபரேஷன் முடியும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். தயார்படுத்துவது யார்? பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற இளம்பெண்கள். ஒரு நாளில் டாக்டர் எத்தனை கண் பார்த்தார் என்று வெளியே பேசுவோம். அவர் சும்மா நிற்காதபடி பார்த்துக்கொண்ட கைகளைப் பற்றிப் பேச மாட்டோம். அப்படி ஒரு பெண்ணிடம் "தேங்க்ஸ்மா" என்று போகிற போக்கில் சொல்லலாம். "அந்தப் பெரியவர் பயந்து நடுங்கிக்கிட்டு இருந்தார், நீ பேசிப் பேசி அவரை அமைதிப்படுத்தினதாலதான் இன்னைக்கு வேலை சுலபமா முடிஞ்சது" என்றும் சொல்லலாம். இரண்டாவதைக் கேட்ட பெண் அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்வாள்.

1939 ஜூலை 8, மீனாட்சியம்மன் கோயில் நுழைவு. சாதியைச் சொல்லி வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே போன நாள். அவர்களை அழைத்துப்போன வைத்தியநாத ஐயர் பெயர் நமக்குத் தெரியும். கக்கன் பின்னாளில் அமைச்சரானதால் அவரையும் தெரியும். கூடப் போன ஆலம்பட்டி முருகானந்தத்தை இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடி விழுந்திருந்தால் முதலில் அவரைப் போன்றவர்கள் மேல்தான் விழுந்திருக்கும்.

அப்புறம், காசு விஷயம். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. சித்திரைத் திருவிழா முடிந்ததும் தூய்மைப் பணியாளர்களுக்குச் சால்வை போட்டுப் படம் எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கையுறையும் தேதி தவறாத சம்பளமும் சால்வைக்கு முந்தி வர வேண்டும். தீபாவளி போனஸைக் குறைத்துவிட்டு "நீங்கள்லாம் என் குடும்பம்" என்று பேசினால் எதிரே நிற்பவர் மனதுக்குள் சிரிப்பார். நன்றி சொன்ன கையோடு "ஞாயித்துக்கிழமையும் வந்துருப்பா" என்றால் அது நன்றியே இல்லை, அட்வான்ஸ்.

இன்னொன்று. நீங்கள் மனசார நன்றி சொன்னால், வேலை பார்ப்பவரும் மனசு விட்டுப் பேசுவார். "சரிண்ணே, அந்த மூலையில ஃபேன் ஓடலண்ணே, மத்தியானம் நிக்க முடியல" என்பார். பாராட்ட வந்த இடத்தில் குறை சொல்கிறானே என்று முகம் சுளிக்காதீர்கள். உங்களை நம்பித்தான் சொல்கிறார். அன்றைக்கே எலெக்ட்ரீஷியனுக்கு போன் போடுங்கள்.