ஆறில்லாத ஊர் சியெனா

எல்லாருக்கும் வணக்கம். இத்தாலி பயணத்தப் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க. ரோம், வெனிஸ் பத்தியெல்லாம் நீங்களே நெறைய கேட்டிருப்பீங்க, அதனால நான் ஒரே ஒரு ஊருல சுத்துன ஒரு நாளப் பத்தி மட்டும் பேசுறேன். ஊரு பேரு சியெனா. ஃபிளாரன்ஸ்லேர்ந்து தெற்க ரயில்ல ஒன்றரை மணி நேரம்.

நான் வேலை பாத்ததெல்லாம் குடிநீர் சப்ளையில. அதனால எந்த ஊருக்குப் போனாலும் என் கண்ணு கோபுரத்தப் பாக்குறதுக்கு முன்னாடி, இந்த ஊருக்கு தண்ணி எங்கேர்ந்து வருதுன்னுதான் தேடும். வீட்டுல இதுக்காகவே என்னைய கிண்டல் பண்ணுவாங்க. நம்ம பக்கம் ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்னு சொல்லுவாங்கல்ல? ரோமுக்கு டைபர் இருக்கு, ஃபிளாரன்ஸுக்கும் பீசாவுக்கும் ஆர்னோ இருக்கு. சியெனாவுக்கு ஒண்ணும் இல்லைங்க. மலை மேல உக்காந்திருக்கு. ரயில் ஸ்டேஷன் கீழ பள்ளத்துல இருக்கு, அங்கேர்ந்து எஸ்கலேட்டர் மேல எஸ்கலேட்டரா மாத்தி மாத்தி ஏறித்தான் ஊருக்குள்ளயே போகணும். ரோமுக்கு யாத்திரை போறவங்க நடந்த பாதை இந்த மலை மேலதான் போச்சு, அதனால வியாபாரம் வந்துச்சு, பணம் வந்துச்சு, கூட்டம் வந்துச்சு. தண்ணி மட்டும் வரல.

அப்போ என்ன பண்ணாங்க? பூமிக்குள்ள போனாங்க. இதத்தான் நான் சொல்ல வந்தேன், மத்ததெல்லாம் சும்மா. ஊருக்கு அடியில சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு சுரங்கம் வெட்டி வெச்சிருக்காங்க. பொட்டீனின்னு சொல்றாங்க. ஒரு ஆளு நிமிர்ந்து நடக்குற உயரம், ரெண்டு பேரு எதிரெதிர வந்தா ஒட்டி ஒதுங்கணும், அவ்வளவுதான் அகலம். அந்த மலையோட மண்ணு எப்படின்னா, மேல மணல்பாறை, அதுக்கு அடியில களிமண். மழைத் தண்ணி மணல்பாறை வழியா இறங்கும், களிமண்ணுல இறங்க முடியாது, அங்கயே நிக்கும். அப்படிக் கசிஞ்சு வர்ற தண்ணிய, சொட்டு சொட்டா, சுரங்கத்தோட சுவத்துலேர்ந்தே புடிச்சாங்க. தரையில ஒரு சின்ன வாய்க்கால், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கணக்குல சரிவு, அவ்வளவுதான். மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. சரிவ கொஞ்சம் கூட்டினா தண்ணி வேகமா ஓடி வாய்க்கால அரிச்சிடும், கொறைச்சா தேங்கி வண்டல் படியும். இத விளக்கு வெளிச்சத்துல கடப்பாரையும் கையுமா நூத்துக்கணக்கான வருஷம் வெட்டிருக்காங்க, 1300கள்ல வெட்டினதுதான் அதுல பெரிய பகுதி. 20ஆம் நூத்தாண்டு தொடக்கம் வரைக்கும் ஊரே இதத்தான் குடிச்சுது. ஐந்தாம் சார்லஸ் பேரரசர் இத பாத்துட்டு, சியெனா மேல இருக்குறதவிட கீழதான் அழகுன்னு சொன்னதா ஒரு கதை உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, நான் சொல்றேன்.

நாங்க போன அன்னைக்கு சுரங்கத்துக்குள்ள விடுற நாள் இல்ல. சரி, தண்ணி வெளிய வர்ற எடத்தையாவது பாப்போம்னு ஃபோன்ட்டேபிராண்டாங்கற ஊத்துக்கு இறங்கினோம். செங்குத்தா இறங்குற தெரு, முட்டி வலி இருக்குறவங்க யோசிச்சுப் போங்க. செங்கல்லுல மூணு பெரிய வளைவு, முன்னாடி நாலு கல்லு சிங்கம், உள்ள தொட்டி. இப்ப நிக்கிற கட்டடம் 1246ல கட்டினது. கோட்டை வாசல்னு நெனச்சுட்டு டூரிஸ்டுங்க ஒரு போட்டோ எடுத்துட்டு திரும்பிடுறாங்க. நான் உள்ள குனிஞ்சு பாத்தேன், பச்சையா தண்ணி, அடியில மீனு ஓடுது, கூரையில தண்ணியோட வெளிச்சம் ஆடுது. என் வீட்டம்மா, "ஏங்க, இங்கயே உக்காந்துடுவீங்களா, கோயில் எப்போ பாக்குறது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

ஆனா இந்தத் தொட்டிக் கணக்கு ஒண்ணு சொல்லிடுறேன். அந்தக் காலத்துல சியெனாவோட பெரிய ஊத்துங்கள்ல தொட்டி வரிசையா இருக்கும். மொதல் தொட்டி மனுஷங்க குடிக்க. அது நெறஞ்சு வழியுறது ரெண்டாவது தொட்டிக்கு, அது ஆடு மாடு குதிரைக்கு. அதுவும் வழிஞ்சா மூணாவது, அது துணி தொவைக்க. அதுக்கு அப்புறமும் மிச்சம் வர்ற தண்ணி கீழ தோல் பதனிடுறவங்களுக்கும் சாயம் போடுறவங்களுக்கும் மாவு மில்லுக்கும் போகும். மேல் தொட்டியில துணிய நனைச்சா அபராதம். ஒரே தண்ணி, நாலு வேலை. இப்ப நாம குடிக்கிற தண்ணியிலயே காரும் கழுவுறோம், அத விடுங்க.

இவ்வளவு செஞ்சும் அவங்களுக்கு ஆசை தீரல. ஊருக்கு அடியில டயானான்னு ஒரு ரகசிய ஆறு ஓடுதுன்னு நம்பிக்கை, அத தேடித் தேடித் தோண்டினாங்க. பக்கத்து ஊரு ஃபிளாரன்ஸ்காரர், கவிஞர் தாந்தே சும்மா இருப்பாரா, தன்னோட காவியத்துலயே இத வெச்சு நக்கல் பண்ணிட்டாரு. ஃபிளாரன்ஸும் சியெனாவும் அவ்வளவு பகை.

அப்புறம் மேல ஏறி காம்போ மைதானம். ஊரோட நடு முற்றம் அது. முறத்த சாய்ச்சு வெச்சாப்ல இருக்கும், செங்கல் பாவி, வெள்ளைக் கல்லு கோடு போட்டு ஒம்போது பாகமா பிரிச்சிருக்காங்க, ஏன்னா அப்போ ஊர ஆண்டது ஒம்போது பேர் சபை. மேல் ஓரத்துல ஃபோன்ட்டே காயான்னு ஊத்து, கீழ் ஓரத்துல நகர மாளிகைக்கு முன்னாடி மழைத் தண்ணி போற வடிகால். மேல தண்ணி வருது, கீழ தண்ணி போகுது, நடுவுல ஜனங்க படுத்துக்கிட்டு ஐஸ்க்ரீம் சாப்பிடுறாங்க. இவ்வளவு உயரத்துக்கு சுரங்கத் தண்ணி 1342ல வந்து சேந்தப்போ ஊரே பல நாள் கொண்டாடுச்சு.

இங்கதான் எனக்குப் புடிச்ச கதை. ஊருக்குள்ள தோண்டினப்போ ஒரு பழைய வீனஸ் சிலை கெடச்சுது, கிரேக்க சிற்பி லிசிப்போஸ் பேரு பொறிச்சது. ஆஹான்னு கொண்டாடி இந்த ஊத்து மேல வெச்சாங்க. அப்புறம் பாத்தா 1348ல கொள்ளைநோய். ஊர்ல பாதிக்கு மேல செத்துப் போனாங்க. ஒரு ஊர்க்காரர் தன்னோட அஞ்சு பிள்ளைங்கள தன் கையாலயே புதைச்சேன்னு எழுதி வெச்சிருக்காரு. 1355ல ஒம்போது பேர் ஆட்சியும் கவுந்துச்சு. உடனே பேச்சு கெளம்புது, எல்லாத்துக்கும் காரணம் அந்த அம்மணச் சிலைதான், வேத்து மதத்து சாமிய கொண்டாந்து நடுவூர்ல வெச்சோம்ல, அதான். 1357ல எடுத்துட்டாங்க. எடுத்தத என்ன பண்ணாங்கன்னு கிபெர்ட்டிங்கற சிற்பி பின்னால எழுதுறாரு: துண்டு துண்டா ஒடைச்சு, ஃபிளாரன்ஸ் எல்லைக்குள்ள கொண்டு போய் புதைச்சாங்களாம்! பீடை நம்மள விட்டு அவன் தலையில விழட்டும்னு. கிபெர்ட்டியே ஃபிளாரன்ஸ்காரர், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க. ஆனா சண்டை போட்ட பக்கத்து வீட்டு வாசல்ல எலுமிச்சம்பழத்த உருட்டி விடுற வேலை எல்லா ஊர்லயும் உண்டு போல.

அதுக்கப்புறம் யாக்கோப்போ தெல்லா குவெர்ச்சாங்கற சிற்பி 1419ல இந்த ஊத்துக்கு புதுசா சிற்பம் வெச்சு முடிச்சாரு. இப்ப மைதானத்துல நிக்கிறது 19ஆம் நூத்தாண்டு நகல். அசல் கல்லுங்க கதீட்ரலுக்கு எதிர்ல, சாந்தா மரியா தெல்லா ஸ்காலாங்கற பழைய ஆஸ்பத்திரி மியூசியத்துல இருக்கு. அந்தப் பளிங்கு மூஞ்சிங்கள கிட்டப் போய் பாத்தீங்கன்னா மூக்கு கரைஞ்சு, கண்ணு இருந்த எடத்துல குழி மட்டும் இருக்கு. நானூறு வருஷத்துக்கு மேல மழையும் வெயிலும் தின்னது போக மிச்சம். அங்க கூட்டமே இல்ல.

உள்ள கையக் காட்டுறாங்க, நேரம் ஆச்சாம். கதீட்ரலப் பத்தி தனியா எழுதி வெச்சிருந்தேன், போச்சு. 1339ல அத உலகத்துலயே பெருசாக்கணும்னு கட்ட ஆரம்பிச்சு, கொள்ளைநோயில நின்னு போன சுவரு இன்னமும் வெட்டவெளியில தனியா நிக்குது, படி ஏறி உச்சிக்குப் போகலாம், கட்டாயம் ஏறுங்க. ஜூலை 2, ஆகஸ்ட் 16 காம்போ மைதானத்துல குதிரைப் பந்தயம், ஊர்ல 17 பேட்டை இருந்தாலும் ஓடுறது பத்துதான், ஆளு விழுந்துட்டு வெறும் குதிரை மொதல்ல வந்தாலும் ஜெயிச்சதுதான். அந்த சமயத்துல ரூம் வாடகைய கேக்காதீங்க. சுரங்கத்துக்குள்ள போகணும்னா முன்கூட்டியே எழுதி எடம் புடிச்சுக்கோங்க, நேர்ல போய் நின்னா விடமாட்டாங்க. நன்றி, வணக்கம்.