மல்லிகை விலையும் மஞ்சள் விலையும்

நேயர்களுக்கு வணக்கம். இன்று பேசப்போவது சந்தையைப் பற்றி. சந்தை என்றதும் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் பல வருடங்களாகக் கவனித்து வருவது விளைபொருள் விலையைத்தான். அதனால் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பொங்கல் நேரத்தில் மல்லிகை கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிவிட்டது என்று செய்தி வரும். ‘வியாபாரிகள் சேர்ந்து ஏற்றிவிட்டார்கள்’ என்போம். மார்கழி, தைப் பனியில் மல்லிச் செடி மொட்டு வைப்பதே குறைவு. பண்டிகையும் தை முகூர்த்தமும் வருவது அதே நாட்களில். பூ இல்லாத நேரத்தில் ஊருக்கே பூ வேண்டும், விலை ஏறத்தான் செய்யும். வெயில் வந்ததும் செடி பூத்துக் கொட்டும். விலை சரசரவென்று இறங்கும், மிஞ்சியது செண்ட் தொழிற்சாலைக்குப் போகும்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று.

மல்லியை விடிவதற்கு முன்பே மொட்டாகப் பறிக்கிறார்கள். சாயங்காலம் அது மலர்ந்துவிடும். மலர்ந்த பூவைச் சரம் கட்ட யாரும் வாங்கமாட்டார்கள். பைக்கில் பூ மூட்டையோடு வருகிற விவசாயி, “இன்னைக்கு என்னண்ணே விலை?” என்று கேட்பார். “போட்டுட்டுப் போங்கண்ணே, பார்த்துக்கலாம்” என்பார் கமிஷன் கடைக்காரர். எடைபோட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு விவசாயி கிளம்பவேண்டியதுதான். விலை பிடிக்கவில்லை என்று மூட்டையைத் திருப்பிக்கொண்டு போக முடியுமா? முடியாது. நாளைக்கு விற்கலாம் என்று வைத்திருக்க முடியுமா? முடியாது. உரத்துக்கோ வீட்டுச் செலவுக்கோ அதே கடையில் முன்பணம் வாங்கியிருந்தால், பக்கத்துக் கடைக்குக்கூடப் போக முடியாது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியின் கதையே இதுதான். பேரம் பேசவேண்டுமென்றால் காத்திருக்க முடியவேண்டும்.

இப்போது ஈரோட்டுக்கு வாருங்கள். அங்கே மஞ்சள். வேகவைத்துக் காயப்போட்டு மூட்டை கட்டிவிட்டால் வருடக்கணக்கில் இருக்கும். விளைபொருளை ஏலத்தில் விற்க அரசு ஏற்பாடு செய்திருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், விரல்போல நீண்ட விரலி தனி, உருண்டையான கிழங்கு தனி என்று மாதிரி வைத்திருப்பார்கள். வியாபாரி ஒரு விரலியை எடுத்து ஒடித்து உள்நிறத்தைப் பார்த்து, தன் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார். அடுத்தவர் எழுதியது அவருக்குத் தெரியாது. மறைமுக ஏலம் என்பது இதைத்தான். வந்த விலை கட்டுப்படியாகவில்லை என்றால், “இந்த விலைக்குத் தரமாட்டேன்” என்று விவசாயி சொல்லலாம். மல்லி விவசாயிக்கு வாய்க்காத வார்த்தை இது.

அதற்காகக் காத்திருந்தால் லாபம்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010-இல் மஞ்சள் குவிண்டால், அதாவது நூறு கிலோ, 15,000 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்து ஆளாளுக்கு மஞ்சள் போட்டார்கள். இரண்டே வருடத்தில் 5,000-க்கும் கீழே போய்விட்டது. இன்னும் ஏறும் என்று இருப்பு வைத்தவர்கள் நொந்துபோனார்கள். விலை நேற்றைய நிலவரத்தைத்தான் சொல்லும். நாம் அதை நம்பி அடுத்த வருடத்துக்கு விதைக்கிறோம். தக்காளியில் இது அடிக்கடி நடப்பதை உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே பார்த்திருப்பீர்கள்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தை பற்றியும், 2016-இல் வந்த மின்னணு தேசிய வேளாண் சந்தை பற்றியும் விரிவாகச் சொல்ல இருந்தேன். இன்று அதற்கு இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நெல், மஞ்சள், நிலக்கடலை மாதிரி வைத்திருக்கக்கூடிய விளைச்சலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அறுத்த கையோடு, கைச்செலவுக்காக, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. அறுவடைக்கு முன்னாலேயே பக்கத்து விற்பனைக் கூடத்துக்குப் போய் வட்டி எவ்வளவு, எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கம்.