ஆடிக்காற்றில் போன ஸ்டீயரிங்

வணக்கம் மக்களே. வண்ணம் பூசி முடித்த பிளாஸ்டிக் மாதிரி டிராக்டரை இந்த வாரம் காட்டுவதாகச் சென்ற காணொளியில் வாக்குக் கொடுத்திருந்தேன். காட்டப்போவது அதை அல்ல. இதோ, என் விரல் நுனியில் இருக்கும் இந்தச் செப்புக் கம்பி வளையத்தை. நேற்று முன்தினம் மாலை நாலரை மணிக்கு என் டிராக்டரின் ஸ்டீயரிங் சன்னல் வழியாகப் பறந்து போய்விட்டது. நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய் கொடுத்து, கூரியருக்குத் தனியாக நூற்றெண்பது கொடுத்து வாங்கிய, பாகங்களை ஒட்டிக் கட்டும் கிட்டில் வந்தது அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேளுங்கள்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் ஆடி மாதம் சன்னலைத் திறக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். திறக்கக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று முப்பந்தலில் இத்தனை காற்றாலைகளைச் சுழற்றுகிறது என்றால், அரைக் கிராம்கூட இல்லாத பிளாஸ்டிக் சக்கரத்தை அது விட்டுவைக்குமா? தெரிந்தும் திறந்தேன். ஏன் திறந்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் வண்ணத்தை நீர்க்கவைக்கும் தின்னரிலிருந்து தொடங்க வேண்டும். தின்னரைச் சொல்வதற்கு முன் இந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர்களுக்காக மட்டும் இந்தப் பகுதி. பழையவர்கள் கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு வாருங்கள்.

இது லான்ஸ் புல்டாக், டி 8506 என்ற வகை, 1/35 அளவு, அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் இருந்த ஹைன்ரிஷ் லான்ஸ் நிறுவனம், ஃபிரிட்ஸ் ஹூபர் என்ற பொறியாளர் வடிவமைத்த முதல் புல்டாக்கை 1921ஆம் ஆண்டில் வெளியிட்டது. அது பன்னிரண்டு குதிரைத்திறன் கொண்ட எளிய வண்டி. நான் கட்டிக்கொண்டிருப்பது 1930களில் வந்த, காற்றடைத்த டயர் பூட்டிய, முப்பத்தைந்து குதிரைத்திறன் கொண்ட வண்டி. உழவுக்குப் பிறந்த இதைப் போர்க்காலத்தில் ஜெர்மானிய விமானப்படை விமானத் தளங்களில் விமானங்களை இழுக்கவும் சாமான் வண்டிகளை இழுக்கவும் வைத்துக்கொண்டது. டாங்கியும் பீரங்கியும் கட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு இழுக்கிற வண்டிகள்தான் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த வண்டிக்கு ஒரே ஒரு சிலிண்டர்தான். அந்த ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 10.3 லிட்டர்! நம் ஊரில் தடதடவென்று போகும் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் 346 சி.சி. அப்படிப்பட்ட முப்பது எஞ்சின்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே பிஸ்டனிடம் ஒப்படைத்தால் என்னவோ, அதுதான் இது. பிஸ்டனின் விட்டம் 225 மில்லிமீட்டர்; எங்கள் வீட்டுத் தோசைக்கல்லை எடுத்து அளந்து பார்த்தேன், கல் சற்றுத்தான் பெரியது. இப்படி ஓர் எஞ்சினை வைத்துக்கொண்டு சும்மா நின்றால்கூட வண்டி முன்னும் பின்னும் குதித்துக்கொண்டே நிற்கும்.

இதைக் கிளப்பும் முறை அதைவிட விசேஷமானது. இதற்குத் தீப்பொறி பிளக் கிடையாது. டீசல் எஞ்சினைப் போல அமுக்கத்தின் சூட்டால் மட்டும் எண்ணெயைப் பற்றவைக்கும் அளவுக்கு அமுக்கமும் கிடையாது. சிலிண்டரின் தலைப்பகுதியில், வண்டியின் மூக்குக்கு நேரே, இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். திருவிழாவுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பம்ப் அடித்து ஏற்றுவார்களே, அதைப்போலப் பம்ப் அடிக்கும் ஊதுவிளக்கு ஒன்றை அந்தக் குமிழுக்கு அடியில் வைத்துச் சில நிமிடங்கள் காய்ச்ச வேண்டும். குமிழ் நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே தெளிக்கப்படும் எண்ணெய் அந்தச் சூட்டிலேயே பற்றும். ஓடத் தொடங்கிவிட்டால் எஞ்சினின் வெடிப்பே குமிழைச் சூடாக வைத்துக்கொள்ளும். அதனால்தான் மட்டமான எண்ணெய், தாவர எண்ணெய் என்று எதை ஊற்றினாலும் இது குடித்துவிட்டு ஓடியது.

குமிழ் காய்ந்த பிறகு எஞ்சினைச் சுற்றிவிட வேண்டுமல்லவா? அதற்கு ஓட்டுநர் செய்கிற காரியம்தான் இந்தக் காணொளியின் முழு வயிற்றெரிச்சலுக்கும் காரணம். அவர் இருக்கையில் ஏறி, ஸ்டீயரிங்கை அதன் தண்டோடு உருவி எடுத்துக்கொண்டு இறங்கி வருவார். எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய சுழல்சக்கரத்தின் நடுவே அந்தத் தண்டைச் செருகி, ஊஞ்சலை ஆட்டுவதுபோல இப்படியும் அப்படியும் ஆட்டி, எஞ்சின் பற்றிக்கொண்டதும் உருவிக்கொண்டு போய் மறுபடியும் இருக்கைக்கு முன்னால் சொருகிக்கொள்வார். ஒரே சக்கரம், இரண்டு வேலை. சில வேளைகளில் எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கிவிடும். இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின் ஆகையால் அதற்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். அதைக் கவனிக்காமல் முன் கியரைப் போட்டால் வண்டி பின்னால் போகும்.

ஆகவே மற்ற டிராக்டர்களுக்கு ஸ்டீயரிங் ஓர் உறுப்பு என்றால் இந்த வண்டிக்கு அதுதான் சாவி. அந்தச் சாவிதான் பறந்து போனது.

இப்போது தின்னருக்கு வருகிறேன். பொறுங்கள், அதற்கு முன் ஒன்றை விட்டுவிட்டேன்: பாகங்களை அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். அச்சிலிருந்து பிளாஸ்டிக் கழன்று வருவதற்குப் பூசும் எண்ணெய் ஒட்டியிருந்தால் வண்ணத்துக்கு அடியில் பூசும் பிரைமர் பிடிக்காது. லாரி காணொளியில் நான் கழுவாமல் விட்டதற்கு நீங்கள் எவ்வளவு திட்டினீர்கள் என்பதை மறக்கவில்லை.

கூடு கட்டியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் எஞ்சினும் பின்சக்கர அச்சும் சேர்ந்துவிட்டன. இந்த வண்டியில் எஞ்சினே முன்பாதி உடம்பு என்பதால் தனியாகச் சட்டம் கோணியது, முறுக்கியது என்ற தொல்லை கிடையாது. பித்தளைத் தகட்டுப் பாகங்களை மட்டும் வழக்கம்போல வெறுத்தேன். நகத்தைவிடச் சிறிய ஒரு தகட்டை மூன்றாக மடிக்கச் சொல்கிறவர்களுக்கு வீட்டில் வேறு வேலை இருக்காது என்று நினைக்கிறேன். நான்கில் இரண்டை ஒட்டினேன். மற்ற இரண்டும் அடியில் வருபவை, யாரும் பார்க்கப் போவதில்லை.

வண்ணம் அடர்சாம்பல், ஜெர்மானிய நிறப்பட்டியலில் ஆர்.ஏ.எல். 7021. ஜெர்மானியப் படை வண்டிகள் 1943 பிப்ரவரியில் அடர்மஞ்சளுக்கு மாறும்வரை இந்த நிறத்தில்தான் இருந்தன. குப்பியிலிருந்து அப்படியே பூசினால் சிறிய மாதிரியில் அது கரியைப் போலத் தெரியும். எனவே இருபது பங்குக்கு மூன்று பங்கு வெள்ளை சேர்த்தேன். சேர்க்கக் கூடாது, அசல் நிறம்தான் வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் வேறு காணொளி பார்க்கலாம்.

வெளியே சாரல். காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷை எடுத்து லாக்கர் வண்ணத்தை அடித்து முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் டிராக்டர் முழுவதும் பாலாடை போர்த்தியதுபோல வெளுத்துப் பூத்துப்போயிருந்தது. காரணம் ஈரம். லாக்கரில் உள்ள கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடுகிறது. ஈரமான காற்றிலிருந்து நீர்த்துளி அதன்மேல் படிந்து வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு நான் இதை இத்தனை நாள் தப்பித்து வந்ததுதான் ஆச்சரியம்.

இதற்கு மருந்து மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர். பொம்மைக் கடைக்காரர்கள் விற்கும் சின்னக் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், எளிதில் தீப்பற்றும் பொருள். தரைவழியாக வர எனக்குச் சென்ற முறை பதினொரு நாள் ஆனது. எனவே நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறி, செட்டிக்குளம் பக்கம் கார்களுக்கு வண்ணம் விற்கும் கடை ஒன்றில் கேட்டேன். மழைக்காலத்தில் பட்டறைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்களாம்! ஒரு லிட்டர் இருநூற்றைம்பது ரூபாய். பத்து மில்லி வண்ணக் குப்பிக்கு இருநூற்று நாற்பது ரூபாய் கொடுக்கிற எனக்கு ஒரு லிட்டர் டப்பாவைக் கையில் வாங்கியபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. இந்தப் பொழுதுபோக்கில் லிட்டர் கணக்கில் ஒரு பொருளை வாங்கியது இதுவே முதல் தடவை. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

மெல்லிய ஒரு பூச்சு, பெரும்பாலும் தின்னர் மட்டும். வெளுப்பு கரைந்து சாம்பல் நிறம் திரும்பி வந்தது. வெற்றிதான். ஆனால் அந்த வாடை! உள்ளறையிலிருந்து அம்மா, "மக்களே, வீட்டுக்குள்ளே கார் பட்டறை போட்டாச்சா?" என்று கேட்டார்கள். சன்னலைத் திறந்தேன்.

சின்னப் பாகங்களை ஈர்க்குச்சிகளின் நுனியில் ஒட்டி, ஒரு தெர்மோகோல் துண்டில் வரிசையாகக் குத்திவைப்பது என் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பதினொரு ஈர்க்குச்சிகள். தெர்மோகோல் அப்படியே எழுந்து, மேசையைத் தாண்டி, சன்னலைத் தாண்டி, அடுத்த வீட்டுத் தென்னந்தோப்பில் போய் விழுந்தது. பத்துக் குச்சிகள் கிடைத்தன. பத்திலும் பாகங்கள் பத்திரமாக இருந்தன. புகைபோக்கி மூடிகூட இருந்தது. ஸ்டீயரிங் குச்சி மட்டும் இல்லை. ஈர்க்குச்சியைத் தென்னந்தோப்பில் தேடுகிறவனுடைய நிலையை யோசித்துப் பாருங்கள். இருட்டும்வரை டார்ச் அடித்துத் தேடினேன். மறுநாள் காலையிலும் தேடினேன். கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பப் போயிருக்கிறார் என்று காட்டிவிட்டால் இருக்கையின் முன்னால் ஸ்டீயரிங் தேவையில்லையே என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். அப்படியானால் அது பக்கவாட்டுச் சக்கரத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு வண்டியில் மட்டும் அந்தத் தப்பித்தலும் கிடையாது.

ஆகவே செய்தேன். கிட்டோடு வந்த வரைபடத்தில் அளந்தால் விட்டம் 14 மில்லிமீட்டர். வீட்டில் எதைச் சுற்றினால் 14 வரும் என்று தேடி, அம்மாவின் ஓமியோபதி மாத்திரைக் குப்பியைக் கண்டுபிடித்தேன். வளையத்துக்கு 22ஆம் நம்பர் செப்புக் கம்பி, அதாவது 0.71 மில்லிமீட்டர். முப்பத்தைந்தால் பெருக்கினால் 25 மில்லிமீட்டர் வருகிறது, கைப்பிடிக்குச் சரியான பருமன். நடுவிலிருந்து விரியும் ஆரங்களுக்கு 26ஆம் நம்பர். இரண்டையும் மோட்டார் வைண்டிங் கடை அண்ணன் ஒருவர் கொடுத்தார். அவரிடம் மறுபடியும் போவதற்கு முன் வீட்டில் மூன்று முறை ஈயம் வைத்துப் பற்றவைத்துப் பார்த்தேன், மூன்று முறையும் ஈயம் உருண்டு ஓடியது. வைண்டிங் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கிறது, அதைச் சுரண்டாமல் ஈயம் எப்படிப் பிடிக்கும் என்று அவர் கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. பிளேடால் சுரண்டி, பற்றவைக்கும் பசை தொட்டு, ஒரே தொடுதலில் நான்கு இணைப்புகளையும் முடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கைப்பேசியில் டிராக்டரின் படத்தைக் காட்டினேன். எத்தனை எச்.பி. என்று கேட்டார், முப்பத்தைந்து என்றேன். எத்தனை சிலிண்டர் என்று கேட்டார், ஒன்று என்றேன். அவர் கம்பிச் சுருளைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் பேசினோம்.

கேமராவை இன்னும் பக்கத்தில் கொண்டுவருகிறேன். பிளாஸ்டிக் சக்கரத்தைவிட இது மெல்லியதாகவும் உருண்டையாகவும் இருக்கிறதா இல்லையா? எனக்கு இருக்கிறது. இதை ஒட்டப் போவதில்லை. தண்டின் முனையைத் தேய்த்து, இருக்கையின் முன்னாலும் சுழல்சக்கரத்திலும் ஒரே அளவில் துளை போட்டிருக்கிறேன். வேண்டியபோது உருவி மாற்றிச் செருகலாம், அசல் வண்டியைப் போலவே. இப்போது செருகுகிறேன் பாருங்கள். நின்றது. உருவுகிறேன். மறுபக்கம் செருகுகிறேன். அதுவும் நின்றது. மன்னித்துக்கொள்ளுங்கள், காலையிலிருந்து இதையே இருபது முறை செய்துகொண்டிருக்கிறேன்.

மண் பூசுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்ச் செம்மண்ணை வேட்டித் துணியில் சலித்து வைத்திருக்கிறேன், லாரிக்குப் பூசியது போல. ஆனால் இந்த வண்டி நிற்பது ஜெர்மானிய விமானத் தளம். அங்கே செம்மண்ணை எங்கே கொண்டுபோவது? டயரில் மட்டும் வெளிறிய புழுதி, எஞ்சின் மூக்கில் ஊதுவிளக்கின் கரி, அவ்வளவுதான். துருவே வைக்க மாட்டேன். நேற்று வேலைசெய்த வண்டியை நூறாண்டு மழையில் கிடந்த வண்டிபோலத் துருப்பிடிக்க வைக்கும் நாகரிகத்தை நான் என்றும் ஏற்கப் போவதில்லை.

விமானத்தை இழுக்கும் கயிற்றுக்குப் பூக் கட்டும் வாழைநாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா சந்தைக்கு மாலை கட்டுகிறவர்; நாரை நகத்தால் எட்டாகக் கிழிக்க எனக்கு அரை நாள் ஆனது, அவருக்கு அரை நிமிடம். மூன்று இழை சேர்த்து முறுக்கினால் 1/35 அளவில் அசல் வடக்கயிறுதான். கிழித்த இழைகளைத் தண்ணீரில் ஊறப் போட்டு ஒரு மணி நேரம் ஆகிறது, போதும், எடுத்து முறுக்க வேண்டும். சன்னல் மூடித்தான் இருக்கிறது. வருகிறேன் மக்களே.