ஓடும் காலும் ஓயாத மனமும்

(கொழும்பு வெள்ளவத்தையில் மூத்த ஓட்டக்காரர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அண்ணாமாரே, அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மண்டபத்தில் இருக்கிற பலர் விடிய வெள்ளனவே சப்பாத்துக் கட்டி மரைன் டிரைவிலோ காலிமுகத்திடலிலோ இறங்குகிறவர்கள். மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகளில் ஓடிப் பதக்கம் வாங்கியவர்களும் இருக்கிறீர்கள். இந்த வயதில் ஓடலாமா என்ற கேள்விக்கு நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. தாராளமாக ஓடுங்கள். கனடாவின் எட் விட்லொக் 2004இல், தனது 73ஆவது வயதில், ரொறன்ரோ மரதனை 2 மணி 54 நிமிடம் 48 செக்கனில் ஓடி முடித்தவர். அவர் பயிற்சி எடுத்த இடம் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டம். அதற்குள்ளேயே மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றி ஓடுவார். குறுக்கே தெரு இல்லை, வாகனம் இல்லை, மனம் அங்குமிங்கும் போக வேண்டியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

வயது போகும்போது ஓட்டத்தில் எது மாறுகிறது என்று கேட்டால் எல்லோரும் முழங்காலைத்தான் காட்டுவார்கள். பெரிய மாற்றம் அதற்குக் கீழே, கெண்டைக்காலில் நடக்கிறது. ஒவ்வொரு எட்டிலும் உடலை முன்னால் உந்துவது கெண்டைத் தசையும் அதைக் குதிகாலோடு இணைக்கும் நாணும். வயதோடு அந்தத் தசை மெலிகிறது. அதிலும் விரைவாகச் சுருங்கும் நார்கள்தான் கூடுதலாக மெலிகின்றன. உந்தல் குறைந்தால் எட்டு குறுகும். அதே வேகத்தில் போக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு வைக்கிற எட்டுகளைக் கூட்டியே ஆக வேண்டும். இருபது வயதுப் பிள்ளையும் அறுபத்தைந்து வயதுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். பெரியவரின் சப்பாத்துச் சத்தம்தான் அடிக்கடி கேட்கும். கணுக்கால் விட்ட வேலையில் ஒரு பங்கை இடுப்பு எடுத்துக்கொள்கிறது. உடல் தன்னிடம் உள்ளதை வைத்துச் சமாளிக்கிற விதம் இது. எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்க்கப் பார்க்க மதிப்புத்தான் கூடுகிறது.

ஆனால் அந்தச் சமாளிப்பு சும்மா நடப்பதில்லை. இளமையில் நடையும் ஓட்டமும் பெரும்பாலும் தன்பாட்டில் நடக்கும். கால்களின் தாளத்தை முள்ளந்தண்டு நரம்புகளே பார்த்துக்கொள்ளும். வயதான பிறகு, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதியும் கூடச் சேர்ந்து காலைக் கவனிக்க வேண்டிவருகிறது. கணக்குப் போடுவதற்கும் திட்டமிடுவதற்கும் நாம் நம்பியிருப்பது அதே பகுதியைத்தான். அந்த நேரம் பார்த்து அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்தால் இரண்டில் ஒன்று தளரும்.

சுவீடனில் நடத்தி 1997இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதை அழகாகக் காட்டியது. முதியோர் இல்லத்தில் இருந்தவர்களோடு கூடவே நடந்து கதை கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். சரி, நீங்கள் அவர்களைப் போலத் தளர்ந்தவர்கள் இல்லை. ஆனாலும் உங்களுக்கும் மூளை ஒன்றுதானே?

காலிமுகத்திடலில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஓடுகிறார்கள். சத்தம் ஒரே சீராக வருகிறது. ஒருவர் கேட்கிறார்: "மகள் கனடாவில இருந்து எப்ப வாறா?" மற்றவர் திகதியை யோசிக்கிறார். உடனே இடது சப்பாத்தின் நுனி தரையில் உரசுகிறது, அடுத்த எட்டு குறுகுகிறது, அதற்கடுத்தது நீளுகிறது. வேகம் மட்டும் குறையவில்லை. இதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. நடக்கிறவர் யோசிக்கும்போது தானாகவே மெதுவாகிவிடுவார். கூட்டத்தோடு ஓடுகிறவர் நண்பரை விட்டுப் பின்தங்க மனமில்லாமல் அதே வேகத்தில் போவார். தளர வேண்டியது வேகத்தில் தளராமல் எட்டின் ஒழுங்கில் தளர்கிறது.

நம்மிடையே சதாவதானிகள் இருந்தார்கள். புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளையை நாம் இன்றும் பெருமையோடு சொல்கிறோம். ஒரே நேரத்தில் நூறு பக்கம் கவனத்தைச் செலுத்திய பெரியவர்கள் அதை ஒரு சபையில் செய்தார்கள். காலி வீதியில் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓடிக்கொண்டு செய்யவில்லை. ஆகவே தெருவில் ஓடும்போது போனை எடுக்க வேண்டாம். அழைப்பு வந்தால் ஓரமாக நின்று கதையுங்கள். பாதசாரிக் கடவை வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கடவுங்கள்.

அப்புறம், காலையும் இன்னொரு வேலையையும் ஒரே நேரத்தில் கவனிக்கிற திறமையைப் பழக்கத்தால் வளர்க்கவும் முடியும். ஜெனீவாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 134 பேரோடு நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளியானது. பியானோ இசைக்கு ஏற்ப நடையை மாற்றிக்கொண்டே வேறு அசைவுகளையும் செய்யப் பழகியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். நமக்குப் பியானோ எதற்கு? ஆதி தாளம் இருக்கிறது. காலிமுகத்திடலின் திறந்த வெளியில் முதலில் நடந்துகொண்டே கையில் தாளம் போடுங்கள். சரியாக வந்தால் மெல்லோட்டத்தில் போடுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணியும் பார்க்கலாம். வாகனம் வருகிற இடத்தில் மட்டும் வேண்டாம்.

கெண்டைக்காலையும் மறக்காதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். இரண்டு காலில் இலகுவான பிறகு ஒரு காலில் செய்யுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

இன்னும் ஒன்று. முன்பெல்லாம் கதைத்துக்கொண்டே நடந்தவர் இப்போது பதில் சொல்ல நின்று நின்று போகிறார் என்றால், "வயசு போயிட்டுது" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணா, காதா, குடிக்கிற மருந்தா, நரம்பா என்று பார்ப்பார்கள். சம்பந்தப்பட்டவருக்கு இது தெரியாது. கூட நடக்கிறவர்தான் முதலில் காண்பார். வீட்டில் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.