உள்ளரங்க ரேஞ்சில் பிராக்டிகல் பிஸ்டல் மேட்ச் நடத்தலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மிச்சிகனில் இருந்து வந்திருக்கிறது. அங்கே ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்கும் நண்பர் கேட்கிறார்: "எங்கள் கிளப்பில் 25 யார்டு நீளத்தில் 8 லேன் உள்ள உள்ளரங்க ரேஞ்ச் இருக்கிறது. பனி விழ ஆரம்பித்தால் வெளியே நடக்கும் மேட்ச் எல்லாம் நின்றுவிடுகிறது. குளிர்காலத்தில் மாதம் ஒரு மேட்ச், யூஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்காவின் பிராக்டிகல் ஷூட்டிங் அமைப்பு) விதிப்படி, உள்ளேயே நடத்தலாமா? இருப்பது ஒரே அறை. எங்கிருந்து தொடங்குவது, எத்தனை பேரைச் சேர்ப்பது?"

நடத்தலாம். குளிர் அதிகமுள்ள மாநிலங்களில் கிளப்கள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் பலர் விதிப்புத்தகத்தைப் படித்து, டார்கெட் அட்டைகளை வாங்கி, உடனே ஸ்டேஜ் (டார்கெட்டும் தடுப்பும் வைத்து அமைக்கும் ஒரு சுற்று) வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். உள்ளரங்கத்துக்கு அந்த வரிசை ஒத்துவராது. ஒவ்வொரு தோட்டாவும் எங்கே போய் நிற்கும், அறைக்குள் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது, இந்த இரண்டும் முதலில் தெரிய வேண்டும். ஸ்டேஜ் அதற்குப் பிறகு.

இந்த விளையாட்டே புதிது என்கிற நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. நம் ஊர் ரைஃபிள் கிளப்களில் ஒரே இடத்தில் நின்று, ஒற்றைக் கையால் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். இது வேறு. பஸர் அடித்ததும் ஹோல்ஸ்டரிலிருந்து பிஸ்டலை எடுத்து, இடம் மாறி மாறி, பல டார்கெட்களைச் சுட வேண்டும். 1976-இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடி ஐபிஎஸ்சி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். அந்த வழியில் அமெரிக்காவில் வளர்ந்ததுதான் யூஎஸ்பிஎஸ்ஏ.

எடுத்த புள்ளியை, ஆன நேரத்தால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். அதுதான் மதிப்பெண்ணுக்கு அடிப்படை. 12 தோட்டா உள்ள ஒரு ஸ்டேஜை எடுத்துக்கொள்வோம். எல்லாம் அட்டையின் நடுவில் உள்ள ஏ பகுதியில் பட்டால் 60 புள்ளி. அதை 10 விநாடியில் முடித்தவருக்கு 6.0. இன்னொருவர் மைனர் மதிப்பெண்ணில் (சக்தி குறைந்த தோட்டாவுக்கானது) 9 ஏ, ஏ-க்கு வெளியே தலா 3 புள்ளி தரும் 3 சி அடித்து 54 புள்ளியோடு 8 விநாடியில் முடித்தால் அவருக்கு 6.75. அவர்தான் முன்னால். ஆனால் அந்த சி-க்களில் ஒன்று மிஸ்ஸாகிவிட்டால் அதன் 3 புள்ளியும் போய், மேலே 10 புள்ளி கழியும். புள்ளி 41 ஆகும், ஹிட் ஃபேக்டர் 5.1-க்கு இறங்கிவிடும். வேகமும் வேண்டும், குறியும் வேண்டும். ஆட்டத்தின் சுவையே அங்கேதான்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். உங்கள் ரேஞ்சைக் கட்டியவர் ஒரு விஷயத்தை நம்பிக் கட்டியிருப்பார்: எல்லோரும் லேன் தொடக்கத்தில் உள்ள மேடையில் நின்று, நேராக முன்னால் சுடுவார்கள் என்று. கூரையில் தொங்கும் தடுப்புத் தகடுகளின் சாய்வு, பின்சுவரில் தோட்டாக்களைப் பிடித்து நிறுத்தும் புல்லட் டிராப்பின் கோணம், விளக்குகளின் இடம், எல்லாம் அந்தக் கணக்கில் வைத்தவை. நீங்கள் ஆளை அந்த மேடையைத் தாண்டி, லேனுக்கு முன்னால் நடக்கவிட்ட நொடியில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அதனால் லேனுக்கு முன்னால் நின்று சுட ரேஞ்ச் உரிமையாளரின் அனுமதியும் காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். எவ்வளவு சாய்ந்து வரும் தோட்டாவை டிராப் தாங்கும் என்று அதைத் தயாரித்தவர்களிடமே கேளுங்கள்.

இப்போது தரை. சுடுபவரின் கையில் துப்பாக்கி சுமார் 5 அடி உயரத்தில் இருக்கிறது. 3 யார்டு தள்ளி, அதாவது 9 அடியில், ஒரு டார்கெட். அதன் நடுப்பகுதி 4 அடி உயரத்தில். 9 அடிக்குள் தோட்டா 1 அடி இறங்கிவிட்டது. அதே சாய்வில் போனால் மீதி 4 அடியும் இறங்க இன்னும் 36 அடி போதும். ஆக சுடுபவரிடமிருந்து 45 அடியில், அதாவது 15 யார்டில், தோட்டா தரையைத் தொடும். டிராப் இருப்பதோ 25 யார்டில். கான்கிரீட் தரையில் இவ்வளவு சாய்வாக வந்து படும் தோட்டா உள்ளே புதையாது, வழுக்கி எழும். எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே டார்கெட்டை 7 யார்டுக்குத் தள்ளினால், நடுவில் பட்ட தோட்டா தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்தில் டிராப்புக்குள் போய்விடும். நல்லதுதானே என்று நினைப்போம். ஆனால் அதே அட்டையில் ஒரு அடி கீழே பட்டால்? 52, 53 அடியிலேயே தரை. அவசரத்தில் சுடும்போது கீழே இறங்கும் தோட்டாதான் அதிகம், அதனால் அட்டையின் அடி விளிம்பை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். தீர்வு சிக்கலானது இல்லை. சுடுபவருக்குக் கிட்டே டார்கெட் வேண்டுமென்றால் சுடுபவரையும் டார்கெட்டையும் சேர்த்து டிராப்புக்கு அருகே கொண்டுபோங்கள். லேன் மேடைக்கு அருகிலிருந்து சுட வேண்டுமென்றால் டார்கெட்டைத் தூரத்திலும் உயரத்திலும் வையுங்கள்.

இதைக் காகிதத்தில் மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நீள நூலை எடுங்கள். ஒருவர் சுடும் இடத்தில் துப்பாக்கி உயரத்தில் பிடிக்க, இன்னொருவர் டார்கெட்டின் விளிம்பைத் தொட்டபடி டிராப் வரை இழுத்துக்கொண்டு போகட்டும். நூல் தரையையோ பக்கச் சுவரையோ தொட்டால் அந்த டார்கெட் அங்கே கூடாது. ஒரு இடத்திலிருந்து மட்டும் பார்த்தால் போதாது, அந்த டார்கெட் கண்ணில் படுகிற ஒவ்வொரு இடத்திலிருந்தும் இழுத்துப் பாருங்கள். உயரமானவருக்கு ஒருமுறை, குட்டையானவருக்கு ஒருமுறை. லேன் ஒன்றுக்கு 4 அடி என்றால் உங்கள் அறையின் அகலம் 32 அடிதான். இடது ஓரத்திலிருந்து வலது ஓர டார்கெட்டைச் சுடவிட்டால், டிராப்புக்கு முன்பே பக்கச் சுவர் வந்துவிடும். இன்னொன்றும் நூல் காட்டிக்கொடுக்கும்: முன் டார்கெட்டைத் துளைத்த தோட்டா பின் டார்கெட்டிலும் படுகிறதா என்று. குறுகிய அறையில் இது அடிக்கடி நடக்கும், மதிப்பெண் எடுக்கும்போது வீண் வாக்குவாதம் வரும்.

மண்டியிட்டோ படுத்தோ தாழ்வான துளை வழியாகச் சுடும் ஸ்டேஜ் உள்ளே வேண்டாம். தோட்டா மேல்நோக்கிப் போகும், அந்தக் கோணத்துக்குக் கூரைத் தடுப்புகள் வைக்கப்படவில்லை. இரும்பு டார்கெட்டையும் முதல் குளிர்காலத்தில் தவிர்த்துவிடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. விதிப்படி இரும்புக்கும் சுடுபவருக்கும் குறைந்தது 23 அடி இடைவெளி வேண்டும், முன்னே நகரும் ஸ்டேஜ் என்றால், தாண்டக் கூடாத எல்லைக் கோடு 26 அடியில் இருக்க வேண்டும். அதைக் கடைப்பிடித்தாலும், வெளியே மண்மேட்டில் போய் அடங்கும் சிதறல் உள்ளே சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும். அட்டையை மட்டும் வைத்தே அருமையான ஸ்டேஜ்கள் அமைக்கலாம்.

அடுத்தது காற்று. இதைப் பேசுகிறவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை சுடும்போதும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரிலிருந்தும் தோட்டாவின் அடியிலிருந்தும் ஈயம் நுண்துகளாகக் காற்றில் கலக்கிறது. நல்ல ரேஞ்சில் சுடுபவரின் முதுகுப்பக்கமிருந்து காற்று சீராக வந்து, அந்தப் புகையை டிராப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். வேலையிட ஆரோக்கியத்தை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம், சுடும் கோட்டில் காற்று நிமிடத்துக்கு 75 அடி வேகத்தில் போக வேண்டும், 50-க்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறது. வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, வேலையிடத்தில் 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது.

இந்த ஏற்பாடு கோட்டில் நிற்பவருக்கானது. நம் மேட்ச்சில் சுடுபவரும், அவரைக் கூடவே கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீஸரான ஆர்.ஓ.வும் கோட்டைத் தாண்டி முன்னால் போகிறார்கள். சுட்டு முடித்ததும் மதிப்பெண் எடுப்பவரும், ஓட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுபவர்களும் நேராகப் புகை போன திசையிலேயே நடக்கிறார்கள். அதனால் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு புகை விலகும் வரை கொஞ்சம் பொறுங்கள். காற்றாடி மேட்ச் முடியும் வரை ஓடட்டும், குளிர்கிறது என்று யாரும் நிறுத்தக் கூடாது. சுவர் போல வைக்கும் தடுப்புகளுக்குப் பலகையோ பிளாஸ்டிக் ஷீட்டோ வேண்டாம். காற்று அதில் மோதிச் சுழன்று புகையைத் திரும்பக் கொண்டுவரும். மரச்சட்டத்தில் வலை அடித்தால் போதும், ஆர்.ஓ.வுக்கும் அந்தப் பக்கம் தெரியும்.

தரையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. படிந்த ஈயம் மறுபடி மேலே எழும். ஈரத் துடைப்பான், இல்லையென்றால் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம். அந்த வேக்குவமும் வெடிமருந்துத் தூளைப் பாதுகாப்பாக உறிஞ்ச ஏற்றதாக இருக்க வேண்டும், ஏனென்றால் லேனுக்கு முன்னால் எரியாத வெடிமருந்து துகளாகச் சேர்ந்திருக்கும். ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், ரேஞ்ச்களில் இப்படித் தீ விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் பதிவு மேசையில் காந்தம் வைத்து ஒவ்வொருவரின் தோட்டாவையும் சோதிக்கிறார்கள். காந்தம் ஒட்டினால் அதில் எஃகு இருக்கிறது, பொறி கிளப்பலாம், உள்ளே அனுமதி இல்லை. சாப்பாடு, காபி எதுவும் ரேஞ்ச் அறைக்குள் வரக் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் காலணியை வாசலிலேயே விட்டு, உடுப்பைத் தனியாகத் துவைப்பது அவசியம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

சத்தமும் உள்ளே இரட்டிப்பாகத் தெரியும். காதுக்குள் நுரை அடைப்பான், மேலே காதை மூடும் மஃப், இரண்டும் போடச் சொல்லுங்கள். வெடிச் சத்தத்தைக் கேட்டு நேரத்தைப் பதியும் டைமர், எதிரொலியை இன்னொரு தோட்டாவாகப் பதிவு செய்துவிடலாம், நேரம் தவறாகும். கடைசி இரண்டு வெடிகளுக்கு இடையே மனிதக் கையால் முடியாத சின்ன இடைவெளி தெரிந்தால் ஆர்.ஓ. உடனே கவனிக்க வேண்டும். மேட்ச்சுக்கு முன்பே டைமரின் உணர்திறனைக் குறைத்துச் சோதித்து வையுங்கள்.

எத்தனை பேர்? ஒரே அறை என்பதால் ஒருவர் சுடும்போது மற்ற எல்லோரும் காத்திருக்கத்தான் வேண்டும். ஒருவருக்கு, தயாராவதிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டுவது வரை, தோராயமாக இரண்டரை நிமிடம் என்று வையுங்கள். 24 பேர் என்றால் ஒரு ஸ்டேஜுக்கே ஒரு மணி நேரம். நான்கு ஸ்டேஜ் என்றால் இரவாகிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. அறையின் இடப்பக்கம் ஒரு சின்ன ஸ்டேஜ், வலப்பக்கம் ஒன்று. சுடுபவர் முதலாவதை முடித்து, துப்பாக்கியைக் காலி செய்து காட்டி, ஹோல்ஸ்டரில் வைத்துவிட்டு, அப்படியே இரண்டாவதுக்குப் போகிறார். மதிப்பெண் எடுப்பதும் ஒட்டுவதும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நடையில். ஒருவருக்கு மூன்றரை நிமிடம் ஆகலாம். 16 பேர் என்றால் இரண்டு ஸ்டேஜும் ஒரு மணி நேரத்துக்குள். அப்புறம் தடுப்புகளை 20 நிமிடத்தில் மாற்றி வைத்து இன்னும் இரண்டு ஸ்டேஜ். ஆக இரண்டரை மணி நேரத்தில் நான்கு ஸ்டேஜ். மதிப்பெண்ணை டேப்லெட்டில் பிராக்டிஸ்கோர் செயலியில் போட்டால் முடிவும் அப்போதே தயார். முதல் மேட்ச்சுக்கு 16-ஐத் தாண்டாதீர்கள்.

பாதுகாப்பு விதிகளை நீங்கள் படித்திருப்பீர்கள், அதனால் உள்ளரங்கத்துக்கு உரியதை மட்டும் சொல்கிறேன். குழல் முனை 180 டிகிரிக் கோட்டை (டிராப்பைப் பார்த்து நிற்பவரின் இடமும் வலமும் நீளும் கற்பனைக் கோடு) தாண்டிப் பின்னால் திரும்பினால் போட்டியிலிருந்து நீக்கம், அது எங்கும் உள்ளது. இங்கே அதோடு, மேகசின் மாற்றும்போதும் முனை டிராப்பின் மேல் விளிம்பைத் தாண்டி உயரக் கூடாது என்று ஒரு கிளப் விதி சேருங்கள். பார்வையாளர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கட்டும். எல் பிரெசிடெண்டே என்ற பிரபல ஸ்டேஜ் போல, முதுகைக் காட்டி நின்று, திரும்பிச் சுடும் ஸ்டேஜை முதல் சில மேட்ச்களுக்குத் தள்ளி வையுங்கள். ஆட்கள் காத்திருக்கும் இடம் உள்ளே மிகப் பக்கத்தில் இருக்கிறது. துப்பாக்கி கீழே விழுந்தால் சுடுபவர் தொடக் கூடாது, ஆர்.ஓ.தான் எடுப்பார் என்பதைப் புதியவர்களிடம் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். கை தானாகக் குனிந்து எடுக்கப் போகும், ஆபத்து அந்த நொடியில்தான். கான்கிரீட்டில் உருளும் காலி உறைகள் காலை வாரும், ஒவ்வொருவருக்குப் பிறகும் நடைவழியை மட்டுமாவது காலி செய்யுங்கள். ஆர்.ஓ.வாக நிற்பவர், யூஎஸ்பிஎஸ்ஏ-வில் ஆர்.ஓ.க்களுக்குப் பயிற்சி தரும் பிரிவான என்ஆர்ஓஐ-யின் பயிற்சி முடித்தவராக இருந்தால் நல்லது, ஒருவராவது கட்டாயம் வேண்டும்.

மேட்ச் முடிந்ததும் எல்லோரையும் அனுப்பிவிட்டு, ஒரு டார்ச்சை எடுத்துத் தரை, பக்கச் சுவர், கூரைத் தகடு எல்லாவற்றையும் பாருங்கள். புதுத் தழும்பு இருந்தால் அதிலிருந்து நூலைப் பின்னோக்கி இழுங்கள், எந்த டார்கெட், எந்த இடத்திலிருந்து சுட்டது என்று தெரிந்துவிடும். அதைக் குறித்து வைத்து, அடுத்த மாத ஸ்டேஜ் வரைபவரிடம் கொடுங்கள்.