குப்பைப் பீப்பாயிலிருந்து ஓர் அபாய அழைப்பு

வணக்கம் நேயர்களே. வீட்டில் ரேடியோ ரிப்பேராகிப் போனால் பழைய சாமான்காரர் எடுத்துக்கொள்வார். நடுக்கடலில் அவரை எங்கே தேடுவது? கப்பலில் கெட்டுப்போன கம்ப்யூட்டர், சர்க்யூட் போர்டு, பிரிண்டர் கார்ட்ரிட்ஜ், பேட்டரி எல்லாம் அடுத்த துறைமுகம்வரை கப்பலிலேயே கிடக்கவேண்டும். மின்னணுக் கழிவைக் கடலில் எங்கும் போடக்கூடாது என்பது மார்போல், அதாவது கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை. 2018 மார்ச் 1 முதல் கப்பலின் குப்பைப் பதிவேட்டில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. கப்பலில் குப்பை எரிக்கும் உலையான இன்சினரேட்டரிலும் போடக்கூடாது. ஈயம், பாதரசம் புகையோடு வெளியே வரும்.

இதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஈபெர்ப். கப்பல் மூழ்கினால் தானாக மிதந்து, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயக் குறி அனுப்பும் கருவி. பல மாடல்களில் 5 ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றவேண்டும். புதுக் கருவி வந்ததும் பழையது குப்பைக்குப் போகிறது. காலாவதி என்றால் செத்துப்போனது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. 48 மணி நேரம் தொடர்ந்து குறி அனுப்பும் என்ற உத்தரவாதம்தான் முடிந்தது. உள்ளே லித்தியம் பேட்டரி தெம்பாகவே இருக்கும்.

ஈபெர்ப்பின் உடம்பில் இரண்டு உலோக முனைகள் உண்டு. தண்ணீர் இரண்டையும் இணைத்தால் கருவி விழித்துக்கொள்ளும். தாங்கியில் இருக்கும்வரை, அதிலுள்ள காந்தம் இதைத் தடுத்து வைத்திருக்கும். தாங்கியை விட்டு எடுத்து, மேல்தளத்துப் பீப்பாயில் போட்டு, ஒரு மழை பெய்தால் போதும். ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒருமுறை கப்பலின் பெயரில் அழைப்பு கிளம்பும். நம் பக்கத்துக் கடலென்றால் பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையம் வழியாக மும்பை, சென்னை, போர்ட் பிளேர் கடலோரக் காவல்படை மீட்பு மையங்களுக்குத் தகவல் போகும். கரையில் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்த கருவியென்றால் இன்னும் வேடிக்கை: கப்பல் அட்லாண்டிக்கில், அபாயக் குறி கடைக் கொல்லையில்!

ஆகவே, பழைய ஈபெர்ப்பை ஈரம் படாத அறையில், தாங்கியோடு வையுங்கள். நீங்களே திறக்காதீர்கள், கரையில் சர்வீஸ் ஏஜென்ட் பேட்டரியைக் கழற்றட்டும். எந்தக் கப்பலின் கருவி என்று காட்டும் ஈபெர்ப் பதிவிலிருந்தும் அதை நீக்குங்கள். கருவி தவறி அபாய அழைப்பு அனுப்பிவிட்டால், அணைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். மீட்பு மையத்துக்கு உடனே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தேடல் தொடரும்.

மற்ற லித்தியம் பேட்டரிகளுக்கு இரு முனையிலும் டேப் ஒட்டி, தனித்தனிப் பையில் போடவேண்டும். எண்ணெய்த் துணி இருக்கும் பக்கமே கூடாது. எரிந்துபோன டியூப் லைட்டை, புது டியூப் வந்த அட்டைப் பெட்டியிலேயே திருப்பி வையுங்கள். உடைந்தால் வேக்குவம் கிளீனர் வேண்டாம், பாதரசத்தை அறை முழுக்கப் பரப்பிவிடும். காற்றோட்டம் விட்டு, அட்டையால் வாரி, மூடும் பையில் கட்டுங்கள்.

நேரமாகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். துறைமுக விஷயத்தைச் சுருக்கிவிடுகிறேன். கழிவு இருக்கிறதென்று முன்கூட்டியே துறைமுகத்தில் உள்ள கப்பல் ஏஜென்ட்டுக்குத் தெரிவியுங்கள். பதிவேட்டில் எழுதுவது கன மீட்டரில். கழிவை வாங்கிக்கொள்பவர் தரும் ரசீது கிலோவில் வந்தால் சோதனைக்கு வருபவர் கேள்வி கேட்பார். கன மீட்டரும் எழுதி வாங்குங்கள், ரசீதைப் பதிவேட்டோடு 2 ஆண்டு வைத்திருங்கள். வணக்கம்.