மாடக்ஸ் பிரதர்ஸ் அண்ட் ரோஸ்: எல்விஸுக்கு முன்பே ஒலித்த துள்ளல்

[திரையில்: கலிஃபோர்னியாவின் வரைபடம், மொடெஸ்டோ நகரம்]

கன்ட்ரி எனும் அமெரிக்க நாட்டுப்புற இசையும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து பிறந்த ராக்கபில்லி இசையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1954-இல், மெம்பிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில், எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கலிஃபோர்னியாவின் விவசாயப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஒரு குடும்பம் ஏறக்குறைய அதே துள்ளலைத் தன் இசைத்தட்டுகளில் பதிந்து வைத்திருந்தது. அந்தக் குடும்பத்துக்கு உரிய இடம் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

மாடக்ஸ் குடும்பத்தினர் அலபாமா மாநிலத்தின் போவாஸ் என்ற ஊரில் பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டு வந்தவர்கள். பொருளாதாரப் பெருமந்தம் வாட்டிய 1933-இல், தாய் லூலா பிடிவாதமாக முடிவெடுக்க, இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுக் கிடைத்த சொற்பப் பணத்தோடு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர்கள் சரக்கு ரயில்களில் தொற்றி மேற்கே பயணமானார்கள். ஓக்லண்டில் அவர்களுக்குக் கிடைத்த முதல் இருப்பிடம், புதைக்கப்படாமல் கிடந்த ராட்சத கான்கிரீட் குழாய்கள். வீடற்றோர் பலர் அப்போது அந்தக் குழாய்களுக்குள்தான் குடியிருந்தனர். பின்னர் மொடெஸ்டோவைச் சுற்றிய தோட்டங்களில் அறுவடைக் கூலிகளாக உழைத்தார்கள்.

[திரையில்: பழைய வானொலிப் பெட்டி]

பழம் பறித்துச் சலித்துப்போன ஃபிரெட் என்ற மகன், பாட்டுப் பாடிப் பிழைக்கலாம் என்று 1937-இல் ஒரு மரச்சாமான் கடைக்காரரை அணுகி, உள்ளூர் கேடிஆர்பி வானொலியில் நிகழ்ச்சி நடத்தப் பணம் கேட்டார். ஒரு பெண் பாடகி இருக்க வேண்டும் என்பது கடைக்காரரின் நிபந்தனை. அதனால் பதினொரு வயதுத் தங்கை ரோஸ் ஒலிவாங்கியின் முன் நிறுத்தப்பட்டார். வானொலியில் பாடியதோடு நிற்காமல், குதிரையேற்றப் போட்டிகள் நடக்கும் ஊர்களுக்கெல்லாம் சென்று, மதுக்கூடங்களில் வாசித்து, விழுந்த சில்லறையைச் சேர்த்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நகர்ந்தார்கள். 1939-இல் சாக்ரமென்டோவில் நடந்த மாநிலக் கண்காட்சிப் போட்டியில் வென்றதும் அவர்களின் குரல் பல வானொலி நிலையங்களை எட்டியது. சகோதரர்கள் இரண்டாம் உலகப் போருக்குச் சென்றபோது குழு கலைந்து, போர் முடிந்ததும் மீண்டும் கூடியது.

[திரையில்: டபுள் பேஸின் தந்திகள், மிக அருகில்]

இந்தக் குழுவின் உயிர்நாடி ஃபிரெட் வாசித்த டபுள் பேஸ், அதாவது நிமிர்த்தி வைத்து வாசிக்கும் ஆளுயரத் தந்திக் கருவி. அவர் தந்தியை விரலால் இழுத்து விடுவார். அது கட்டையில் பட்டுச் 'சடக்' என்று ஒலிக்கும். அடுத்த கணமே உள்ளங்கையால் தந்திகளை அறைவார். சுரம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று ஒரே கருவி இரண்டு வேலையையும் செய்ததால், டிரம்ஸ் இல்லாத குறையே கேட்பவருக்குத் தெரியவில்லை. பகலெல்லாம் வயலில் குனிந்து உழைத்துவிட்டு இரவில் ஆட வந்த மக்களுக்கு வேண்டியிருந்ததும் அந்தத் தாளம்தான். பின்னாளில் ராக்கபில்லியின் முத்திரையாகவே ஆகிவிட்டது இந்த வாசிப்பு முறை.

1940-களின் பிற்பகுதியில் ஃபோர் ஸ்டார் நிறுவனத்துக்காக அவர்கள் பதிந்த பாடல்களைக் கேளுங்கள். பாட்டின் நடுவே சகோதரர்கள் கூவுகிறார்கள். அவர்களில் ஒருவரான கேல் வாய்விட்டுச் சிரிக்கிறார். இன்னொரு சகோதரர் ஹென்றியின் மேண்டலின் முந்திக்கொண்டு ஓடுகிறது. அத்தனை ஆரவாரத்தையும் மீறி ரோஸின் குரல் கணீரென்று எழுகிறது. நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி எழுதிய 'ஃபிலடெல்ஃபியா லாயர்' பாடலைப் பரவலாக அறியச் செய்ததும் இந்தக் குழுவே. தையற்கலைஞர் நேதன் டர்க் தைத்த பூவேலை உடைகளில் அவர்கள் மேடையேறியதால், அமெரிக்காவிலேயே மிகவும் வண்ணமயமான ஹில்பில்லி (கன்ட்ரி இசையின் அன்றைய பெயர்) குழு என்று விளம்பரம் செய்யப்பட்டார்கள். குழாய்க்குள் படுத்துறங்கிய பிள்ளைகளுக்கு அந்த ஜரிகை உடை வெறும் பகட்டாக இருந்திருக்க முடியாது.

[திரையில்: பழைய இசைத்தட்டுகள்]

1950-களில் கொலம்பியா நிறுவனத்துக்கு மாறினார்கள். எல்விஸ் பாடிய லூசியானா ஹேரைடு என்ற வானொலி நிகழ்ச்சியிலும் பங்கேற்றார்கள். ஆயினும் ராக் அண்ட் ரோல் நாடெங்கும் பரவிய 1956-இல், அதற்கு வழிவகுத்த இந்தக் குழுவே கலைந்தது. தனியாகப் பாடத் தொடங்கிய ரோஸ், 1960-களின் தொடக்கத்தில் கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸுடன் இணைந்து வெற்றி கண்டார். பேஞ்சோ, ஃபிடில் போன்ற கருவிகளோடு இசைக்கப்படும் புளூகிராஸ் இசையிலும் ஒரு முழு ஆல்பம் தந்தார். 1998-இல் அவர் மறைந்தார். பதின்ம வயதிலேயே இவர்களிடம் கிட்டார் வாசிக்க வந்த ராய் நிக்கல்ஸ், பிற்காலத்தில் கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகார்டின் குழுவில் முதன்மைக் கிட்டார் கலைஞரானார். பேக்கர்ஸ்ஃபீல்டு நகரின் பெயரால் பேக்கர்ஸ்ஃபீல்டு பாணி என்று இன்று கொண்டாடப்படும் கலிஃபோர்னிய கன்ட்ரி இசைக்குள் மாடக்ஸ் குடும்பத்தின் துள்ளல் சென்று சேர்ந்த வழிகளில் அவரது கிட்டாரும் ஒன்று.